மரக்காலணியால் தட்டி ஆடும் கிளாக் (clog) நடனம் ஆடியே ஒருவர் பிழைக்க முடிந்ததா?

முடிந்தது, ஆனால் பாதி வழிதான். ஆங்கில மேடைக் கலைஞர் டான் லீனோ கதையைப் பாருங்கள்.

கிளாக் என்பது மர அடியும் தோல் மேற்பகுதியும் கொண்ட காலணி. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளிகள் போட்டது. தறிச் சத்தத்துக்குக் காலைத் தட்டியதில் பிறந்த ஆட்டம் என்பார்கள். இடுப்புக்கு மேலே உடம்பு பெரிதாக அசையாது; வேலையெல்லாம் பாதத்துக்குத்தான். போட்டியில் நடுவர் மேடைக்கு அடியில் உட்கார்ந்து, ஆளைப் பார்க்காமல் தாளத்தை மட்டும் கேட்டு மதிப்பிட்டதும் உண்டு. பிசகினால் தப்பவே முடியாது!

லீனோ 1860-ல் லண்டனில் பிறந்தவர். பெற்றோரும் மேடைக் கலைஞர்கள். 1864-லேயே பையனை மேடையேற்றிவிட்டார்கள். 1880-ல் லீட்ஸ் நகரில் கிளாக் நடன உலக சாம்பியன் ஆனார். பரிசு, தங்கமும் வெள்ளியும் சேர்ந்த இடுப்புப்பட்டை.

இங்கிலாந்தின் வடக்கே கொண்டாடினார்கள். 1885-ல் லண்டன் மேடைக்குத் திரும்பியபோதோ, ஜனங்களுக்கு அவர் ஆட்டம் பெரிதாகப் படவில்லை. நகைச்சுவைப் பாட்டுதான் பிடித்தது. அவரும் மெல்ல ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டார். 1888 முதல் டிரூரி லேன் அரங்கின் கிறிஸ்துமஸ் நாடகங்களில் நகைச்சுவை வேடங்களில் கொடிகட்டிப் பறந்து, 1904-ல் 43 வயதில் இறந்தார்.