அப்பாவை வெலிங்டன் கூட்டிப்போக நகையை மாற்றி வைக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 46. ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், கையில் வருவது 42,000. மனைவி வீட்டில் தைத்துக் கொடுப்பதில் மாதம் 11,000 வரும். மகன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம், மகள் பத்தாவது. அப்பா முன்னாள் ராணுவத்தினர், வயது 74, அம்மாவோடு கம்மவான்பேட்டையில் இருக்கிறார். 1971இல் சேர்ந்து பயிற்சி எடுத்த நீலகிரி வெலிங்டனைப் பேரன் பேத்திகளோடு ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார்.

மே மாதம் போக முடிவு செய்தோம். நாங்கள் நாலு பேர், அப்பா அம்மா, பெங்களூரு தம்பி வீட்டில் மூன்று பேர், ஆரணித் தங்கை வீட்டில் மூன்று பேர், ஆக 12 பேர். வேன் பேசியாயிற்று. முதல் ராத்திரி ஏலகிரியில் கூடாரம், பிறகு குன்னூர், வெலிங்டன். மகன் பைக்கில் வருவான். மலைப்பாதையில் கொஞ்ச தூரம் தாத்தாவைப் பின்னால் உட்கார வைத்து ஓட்ட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். என்னிடம் 150 சிசி வண்டி இருக்கிறது. மகன் கேட்பது 450 சிசி, ஆன்ரோடு 3,80,000. அப்பாவின் மிலிட்டரி கேன்டீன் கார்டில் வாங்கினால் குறையும் என்கிறான்.

பயணச் செலவு 95,000, பைக்குக்கு முன்பணம் 60,000, கூடாரம், படுக்கைப் பை வகையறா 25,000. மொத்தம் 1,80,000. மனைவியின் 14 பவுன் வங்கியில் 4,20,000க்கு இருக்கிறது, வட்டி 9.5 சதவீதம். ஏப்ரலில் புதுப்பிக்கும்போது 6,00,000ஆக மாற்றி வைக்கலாம் என்று பார்க்கிறேன். முதலில் வைத்தது 2019இல், தங்கை வளைகாப்புக்கு, 1,60,000. 2021இல் வீட்டு மராமத்துக்காக 2,20,000 ஆனது. 2023இல் தங்கை மகன் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர், 3,00,000. போன வருஷம் காலேஜ் ஃபீஸ், ராமேஸ்வரம் பயணம், 4,20,000. தபால் ஆபீஸ் ஆர்.டி. 48,000 மார்ச்சில் முதிர்கிறது, அதைத் தொட மனமில்லை. தம்பி ஐ.டி.யில் என்னைப்போல மூன்று மடங்கு வாங்குகிறான். ஆனால் மூத்தவன் நான், யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. மனைவி சில நாட்களாகச் சரியாகப் பேசவில்லை. நான் செய்வது தப்பா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வேலூர்

பதில்: பயணம் போங்கள். மே மாதமே போங்கள். 74 வயதுக்காரர் ஆசைப்பட்டுக் கேட்பதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளச் சொல்லும் ஆலோசனையை நான் கொடுக்க மாட்டேன். அவசரத்துக்குப் பணம், டெர்ம் இன்ஷூரன்ஸ் இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான், அவற்றையும் இங்கே இழுக்கவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரே வார்த்தை: மாற்றி வைப்பது.

நகையை அடகு வைப்பது பாவமில்லை. ஆனால் வைத்த நகையைத் திருப்பாமல், வட்டியை மட்டும் கட்டி, பவுன் விலை ஏறிய தைரியத்தில் அதே நகைமேல் கூடுதல் பணம் வாங்குகிறீர்களே, அதுதான் உங்கள் வீட்டை அரிக்கிறது. ஏழு வருஷமாக அந்த 14 பவுன் வீட்டு வாசலைப் பார்க்கவில்லை. இதுவரை கட்டிய வட்டியைத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். 1,60,000க்கு இரண்டு வருஷ வட்டி 30,000. 2,20,000க்கு இரண்டு வருஷம் 42,000. 3,00,000க்கு இரண்டு வருஷம் 57,000. இந்த ஒரு வருஷத்துக்கு 40,000. கூட்டினால் 1,69,000. நீங்கள் முதன்முதலில் வாங்கிய கடனைவிட அதிகம். அந்தக் கடனோ இன்னும் அப்படியே உள்ளே இருக்கிறது, அதன்மேல் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஏறியும் இருக்கிறது.

இந்தப் பழக்கம் வலிக்காமல் வளர்ந்ததற்குக் காரணம் தங்கத்தின் விலை. 2019 தொடக்கத்தில் பவுன் இருபத்தைந்தாயிரத்தை ஒட்டி இருந்தது. 2025 அக்டோபரில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. அந்த விலைக்கு உங்கள் 14 பவுன் பன்னிரண்டரை லட்சம். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட நகைக்கடனுக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை தரலாம் என்பது விதி. அந்தக் கணக்கில் வங்கி உங்களுக்கு ஒன்பது லட்சம்கூடத் தரும். கவுன்ட்டரில் உங்களை யாரும் தடுக்கப்போவதில்லை. விலை ஏறியதில் லாபம் நகைக்குச் சொந்தக்காரரான உங்கள் மனைவிக்கு வந்திருக்க வேண்டும். அதைக் கடனாக எடுத்துச் செலவழிக்கிறீர்கள். அவர் பேசாமல் இருப்பதன் காரணம் எனக்கு விளங்குகிறது.

வங்கி வாசலில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். முழுப் பணம் கட்டித் திருப்பினால்தான் மறுபடி வைக்கலாம் என்று சில கிளைகள் சொன்னபோது, ஒரு நாளைக்கு மட்டும் பணம் கொடுக்கிற ஆட்கள் முளைத்தார்கள். காலையில் மூன்று லட்சத்தை எண்ணிக் கொடுப்பார்கள், கூடவே கவுன்ட்டர் வரை வருவார்கள். சாயங்காலம் புதுக்கடன் கணக்கில் ஏறியதும் அசலோடு நூற்றுக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொள்வார்கள். சில மணி நேரத்துக்கு 3,000 ரூபாய். உங்களுக்கு அப்படி நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. ஏப்ரலில் அவர்களிடம் போகாதீர்கள்.

இப்போது நீங்கள் போடும் திட்டம். நகைக்கடன் 6,00,000 ஆனால் வருஷ வட்டி 57,000, மாதம் 4,750. பைக்கில் முன்பணம் போக 3,20,000 கடன். 11 சதவீத வட்டியில் நாலு வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 8,300. இரண்டும் சேர்ந்து 13,000. வீட்டு வருமானம் 53,000இல் கால்வாசி. நாலு வருஷம் கழித்து உங்களிடம் ஒரு பழைய பைக் இருக்கும், நகை ஆறு லட்சத்துக்கு அடகில் அப்படியே இருக்கும்.

அதே 13,000த்தை இப்போதுள்ள 4,20,000 நகைக்கடனுக்கு மட்டும் மாதாமாதம் கட்டினால் மூன்றே வருஷத்தில் 14 பவுனும் வீட்டுக்கு வந்துவிடும். கட்ட முடியும் என்று நீங்களே எண்ணிய தொகைதான் இது.

அடுத்தது, கேட்டுப் பழக்கமில்லை என்கிறீர்களே, அது. மாற்றி வைக்கும் பழக்கத்துக்குத் தீனி போடுவது அதுதான். 95,000த்தை 12 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 7,900 சொச்சம், எட்டாயிரம் என்றே வையுங்கள். உங்கள் நாலு பேருக்கு 32,000. தம்பி வீட்டுக்கு 24,000, தங்கை வீட்டுக்கு 24,000, அப்பா அம்மாவுக்கு 16,000. உங்களை விட மூன்று மடங்கு சம்பாதிக்கும் தம்பிக்கு இது ஒரு வார இறுதிச் செலவாக இருக்கலாம். நீங்கள் கேட்காததால் அவர் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டார் என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லையே.

வேன் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி ஆம்பூரில் பிரியாணிக்கு நிற்கும். 12 இலை. சாப்பிட்டு முடித்ததும் சர்வர் பில்லை யார் முன்னால் வைப்பார் என்று உங்களுக்கே தெரியும். மீதிப் பேர் கை கழுவப் போய்விடுவார்கள். அந்த இடத்தில் கணக்குப் பேச உங்களால் முடியாது, யாராலும் முடியாது. அதனால் கிளம்புவதற்கு முன்பே பொதுப்பணம் சேர்த்துத் தங்கை கையில் கொடுங்கள். டீ, டோல், டீசல், டிரைவர் படி எல்லாம் அதிலிருந்து போகட்டும். தம்பிக்கு இன்றைக்கே ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: "அப்பாவை வெலிங்டன் கூட்டிட்டுப் போறோம். தலைக்கு எட்டாயிரம் ஆகுது. உங்க மூணு பேருக்கு இருபத்து நாலாயிரம். பத்தாம் தேதிக்குள்ள போட்டுடு, வேனுக்கு முன்பணம் கட்டணும்." இவ்வளவு போதும். நீட்டி முழக்கினால் மன்னிப்புக் கேட்பது போல் ஆகிவிடும்.

தங்கை வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. முடியவில்லை என்றால் பாதி கொடுக்கட்டும், மீதியை நீங்களும் தம்பியும் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் சுமக்காதீர்கள்.

அப்பாவிடமும் கேளுங்கள். அவருக்கு ராணுவ பென்ஷன் வருமே. தான் பயிற்சி எடுத்த மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு மருமகளின் நகையை அடகு வைத்துக் கூட்டிப்போகிறார்கள் என்று தெரிந்தால் அந்த மனிதர் வேனில் ஏறுவாரா? அவர் பங்கை அவர் கொடுக்கட்டும். ஒன்று, ராணுவ வளாகத்துக்குள் நினைத்த நேரத்தில் எல்லோரும் நுழைய முடியாது. முன்னாள் ராணுவத்தினர் அடையாள அட்டையோடு, முன்கூட்டியே அனுமதிக்கு அவரையே எழுதச் சொல்லுங்கள். அந்த அட்டையைக் காட்டினால் டோல் இல்லை என்று வேனில் யாராவது சொல்வார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, பட்ஜெட்டில் டோலைச் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் 32,000 எங்கிருந்து? ஆர்.டி.யிலிருந்து. 5.8 சதவீதம் தரும் பணத்தைப் பத்திரப்படுத்திவிட்டு 9.5 சதவீதத்துக்குக் கடன் வாங்குவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? 48,000இல் 32,000 பயணத்துக்கு, மீதி 16,000 நகைக்கடன் அசலுக்கு. மேலே சொன்ன மூன்று வருஷக் கணக்கு இந்த 16,000த்தைக் கழித்துப் போட்டதுதான்.

கூடாரம் வாங்காதீர்கள். ஒரு ராத்திரிக்கு 25,000மா? ஏலகிரியில் கூடாரம் போட்டுத் தரும் இடங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அதை எடுங்கள், அப்பா அம்மாவுக்குக் கழிவறையோடு ஒரு அறை போடுங்கள். 95,000க்குள் அடங்கும். காப்புக்காட்டுக்குள் நாமே போய்க் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை, வாங்கி வைத்தாலும் பரணில்தான் கிடக்கும். கிரெடிட் கார்டில் நோ காஸ்ட் இ.எம்.ஐ. (வட்டியில்லாத் தவணை) என்று காட்டுவார்கள். அந்த வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும், வட்டிமேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில்தான். 'இப்போது பயணம், பிறகு பணம்' என்று செயலிகள் தூண்டுவதும் இதே சரக்கு. கிட்டப் போகாதீர்கள்.

பைக்குக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். மகன் கேட்கும் 450 சிசி அந்த 40இல் வருகிறது. சம்பாதிக்காத பிள்ளைக்கு, கடன் வாங்கி, இவ்வளவு வரி கட்டி எதற்கு? கேன்டீனில் வாங்கினால் விலை குறையும், உண்மைதான். ஆனால் வண்டி தாத்தா பெயரில் பதிவாகும். இன்ஷூரன்ஸில் கட்டாயமாக வரும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு, பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் ஓட்டும்போது அவருக்கு மட்டும்தான். ஓட்டப்போகிற பேரனுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. ஷோரூமில் இதை யாரும் சொல்வதில்லை.

மகன் உங்கள் 150 சிசியிலேயே வரட்டும். தாத்தாவைப் பின்னால் வைத்து மெதுவாக ஓட்ட அது தாராளம். வேலைக்குப் போன பிறகு தன் சம்பளத்தில் எந்த வண்டி வேண்டுமானாலும் வாங்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஏப்ரலில் வங்கிக்குப் போகும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 14 பவுனையும் ஒரே ரசீதில் வைக்காதீர்கள். ஆரம், வளையல், செயின், தோடு என்று நாலு கடனாகப் பிரித்து வைக்கக் கேளுங்கள். மதிப்பீட்டுக் கட்டணம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. ஒரே கடனாக இருந்தால் நாலு லட்சமும் சேர்ந்தால்தான் ஒரு குண்டுமணித் தங்கமாவது கைக்கு வரும். பிரித்திருந்தால் ஒன்பது பத்து மாதத்தில் முதல் நகை வீட்டுக்கு வந்துவிடும். எதை முதலில் திருப்புவது என்று மனைவியைக் கேளுங்கள். இந்த ஏழு வருஷத்தில் அவரைக் கேட்டு வைத்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

கிளம்பும் முன் இரண்டு வேலை. நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், வேனுக்கும் பைக்குக்கும் தனித்தனியாக. 2025 கோடையில் சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். தேதி முடிவானதும் விண்ணப்பித்துவிடுங்கள்.

இரண்டாவது, உங்கள் 150 சிசியின் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வெறும் தேர்டு பார்ட்டியாக இருந்தால் பின்னால் உட்காரும் அப்பாவுக்கு அது பெரும்பாலும் உதவாது. முழுக் காப்பீடாக மாற்றுங்கள். வண்டி உங்கள் பெயரில் இருப்பதால் மகனுக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பு எடுங்கள். வங்கியில் வருஷம் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா 2 லட்சம்தான் தரும், அது போதாது. அப்பாவுக்கு 70 வயது தாண்டிவிட்டதால் அதில் சேர முடியாது. இருவருக்கும் ஹெல்மெட் புதிதாக, அளவு பார்த்து வாங்குங்கள். அந்தச் செலவைப் பொதுப்பணத்தில் போடாமல் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.