பெட்ரோல் குறைந்து வெள்ளம் கூடும் காலத்திற்குச் சென்னையை எவ்வாறு திட்டமிடுவது?

எல்லோரும் மின்சார வாகனங்களுக்கு மாறிவிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. எரிபொருள் மாறினாலும், நாள்தோறும் வேலைக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டிய கட்டாயம் மாறுவதில்லை. அதை உருவாக்குவது நகரின் அமைப்பு.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கியதால், மாம்பலம் போன்ற பகுதிகளில் கடையும் பள்ளியும் நிலையமும் நடக்கும் தொலைவிலேயே அமைந்தன. பழைய மகாபலிபுரம் சாலையிலோ அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் முதலில் வந்தன. மெட்ரோ தடம் பல ஆண்டுகள் கழித்தே வருகிறது. அதே வளர்ச்சிதான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் சுருக்கியது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற அந்நிலம், சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீரைத் தாங்கி, ஒக்கியம் மடுவு என்னும் நீர்வழி மூலம் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்புகிறது. அதன் பரப்புக் குறைந்ததன் விளைவை, 2015-லும் 2023-லும் வேளச்சேரி மக்கள் வீட்டுக்குள் புகுந்த நீராகக் கண்டார்கள்.

வறட்சியும் எரிபொருளோடு பிணைந்ததே. 2019-இல் ஏரிகள் வற்றியபோது நம்பியிருந்த தண்ணீர் லாரிகள் டீசலில் ஓடின. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கவும் மின்சாரம் மிகுதியாகத் தேவை.

ஆகவே, முதலில் நீர்வழிகளை வரைபடத்தில் உறுதிசெய்து, அவற்றைத் தொடாமல், ரயில் நிலையங்களையும் பேருந்து நிலையங்களையும் சுற்றி அடர்த்தியான குடியிருப்புகளை அனுமதிப்பதே சரியான வரிசை. அவற்றில் குறைந்த வாடகை வீடுகள் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையெனில் நிலமதிப்பு உயர்ந்து, பேருந்தை நம்பி வாழ்பவர்களே நகரின் விளிம்புக்குத் தள்ளப்படுவார்கள்.