குளச்சலில் ஜூலைக் கடல் 25 டிகிரி: தெர்மாமீட்டர் பழுதா?

மே மாதம் 30 காட்டிய தெர்மாமீட்டர் இப்போது 25 காட்டுகிறது, மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேல்நீரைக் கரையை விட்டுத் தள்ள, அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலேறும். நம் கடலில் இது வழக்கம்தான்.

சந்தேகம் தீர, நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டு, தெர்மாமீட்டரின் குமிழ் பாத்திரத்தின் அடியில் படாமல் 5 நிமிடம் வையுங்கள். 0 காட்ட வேண்டும். மீன் பெட்டி ஐஸ் வேண்டாம், உப்புப் பட்டிருந்தால் 0-க்கும் கீழே போகும். 1 காட்டினால் இனி 1 கழியுங்கள்; கழிக்காத எண்ணையும் எழுதி வையுங்கள்.

பெரும்பாலும் குளறுபடி கடல்நீர் மொள்ளும் வாளியில்தான். வெயிலில் கிடந்ததைக் கடல்நீரில் இருமுறை அலசி, மொண்டதும் நிழலில் வைத்து, குமிழ் நீருக்குள் இருக்கும்போதே பாருங்கள். வெளியே எடுத்தால் ஈரக் குமிழில் காற்றுப் பட்டு அளவு இறங்கிவிடும்.

கடல் சீறும் நாளில் தூண்டில் வளைவில் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பில்) ஏறாதீர்கள். ஒரு நாள் அளவு விட்டுப்போனால் போகட்டும்.