பிரான்ஸ் கால் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு பாப் இசையைப் பற்றிப் பேசும்போது பாடகி பிரான்ஸ் கால் பாடியவற்றைக் கேட்கச் சொல்லியிருந்தீர்கள். சில பாடல்கள் கேட்டேன், குரல் பிடித்திருந்தது. ஆனால் அவர் வாழ்க்கையை வாசித்தபோது மனம் ஒப்பவில்லை. பள்ளி வயதில் அப்பா பாடவைக்கிறார். பிறகு பாடலாசிரியர் செர்ழ் கேன்ஸ்பூர் எழுதிக்கொடுத்ததைப் பாடுகிறார். அதன்பின் கணவர் எழுதியதைப் பாடுகிறார். கணவர் இறந்ததும் பாட்டும் நின்றுவிடுகிறது. கடைசிவரை ஆண்கள் ஆட்டிவைத்த பொம்மைதானே அவர்? அவருக்கென்று ஒரு கலை இருந்ததா? இருந்தது என்றால் எந்தப் பாட்டிலிருந்து தொடங்குவது?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

உங்கள் கோபத்தில் பாதி முழுக்க நியாயமானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் இசபெல். 1947இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா ரொபேர் கால், பாடகர் அஸ்னவூர் பாடிய ‘லா மம்மா’வுக்கு வரிகள் எழுதிய பாடலாசிரியர். 1963இல், மகளின் பதினாறாவது பிறந்தநாளன்று முதல் பாட்டு வானொலியில் ஒலித்தது. இசபெல் ஓப்ரே என்ற பாடகி ஏற்கெனவே புகழோடு இருந்ததால் பெயரை மாற்றிவிட்டார்கள். 1965இல் நேப்பிள்ஸில் நடந்த, ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் லக்சம்பர்க்கின் சார்பில் பாடி முதல் பரிசு வாங்கினார். வயது பதினேழு. பாட்டு கேன்ஸ்பூர் எழுதியது. காதல் என்னவென்றே தெரியாமல் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும் ஒரு மெழுகுபொம்மை தன்னைப் பற்றிச் சொல்வதாக அமைந்தது. பாடுகிற பெண்ணைப் பற்றியே எழுதி, அவர் வாயாலேயே பாடவும் வைத்திருக்கிறார் மனிதர். பின்னாளில் அந்தப் பாட்டை மேடையில் பாட கால் விரும்பவே இல்லை.

1966இல் வந்த ‘லே சுசெத்’ இன்னும் கொடுமை. சோம்பு வாசனையுள்ள குச்சிமிட்டாய் என்றால் உயிரை விடும் ஆனி என்ற பெண்ணைப் பற்றிய விளையாட்டுப் பாட்டு என்று நினைத்துத்தான் கால் பாடினார். அதற்குள் ஆபாசமான இன்னொரு அர்த்தம் இருந்தது. எழுதிய கேன்ஸ்பூருக்கு 38 வயது. அவருக்குத் தெரியும், பதிவுசெய்தவர்களுக்குத் தெரியும், தொலைக்காட்சியில் படம் பிடித்தவர்களுக்கும் தெரியும். பாடிய 18 வயதுப் பெண்ணுக்கு மட்டும் தெரியாது. தெரிந்தபோது வெளியே முகம் காட்டவே கூசினார். சுற்றியிருந்த பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகவே கடைசிவரை சொன்னார். கேன்ஸ்பூரின் மேதைமையைக் காரணம் காட்டி இதை இன்றும் சிலர் சிரித்துக் கடக்கிறார்கள். எனக்கு அது முடியவில்லை. நல்ல கவிஞர்தான், ஆனால் செய்தது துரோகம்.

சரி, இனி உங்களோடு நான் எங்கே மாறுபடுகிறேன் என்று சொல்கிறேன்.

அடுத்த சில வருடங்கள் அவருக்குச் சரியாக அமையவில்லை. ஜெர்மனியில் பாடினார், பிரான்சில் இசைத்தட்டுகள் விற்கவில்லை. அப்போதுதான் வானொலியில் பாடகரும் இசையமைப்பாளருமான மிஷெல் பெர்ழேயின் பாட்டு ஒன்றைக் கேட்கிறார். 1973இல் அவரைச் சந்தித்து, தனக்கு எழுதச் சொல்கிறார். பெர்ழே உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கால் விடவில்லை. இவர் எழுதினால் பாடுவேன், இல்லையென்றால் பாட்டே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். மார்க்கெட் போய்விட்டதாக எல்லோரும் நினைத்த 26 வயதுப் பெண் இப்படி அடம்பிடிப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1974இல் ‘லா தெக்லரசியோன் தாமூர்’ வந்தது. 1976இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். வரிசையைக் கவனியுங்கள்: கணவர் எழுதியதை அவர் பாடவில்லை. தனக்கு எழுத வேண்டியவரை அவரே தேடிப் பிடித்தார், கல்யாணம் அப்புறம்தான்.

1978இல் ஷான்ஸெலிஸே அரங்கில் நிகழ்ச்சி நடத்தியபோது இசைக்குழு, கோரஸ், நடனம் என மேடையில் ஏறக்குறைய எல்லோருமே பெண்கள். அந்தக் காலத்து பாப் மேடையில் இது சாதாரண விஷயமில்லை. 1987இல் வந்த ‘பபகார்’ பாட்டும் அவர் வாழ்க்கையிலிருந்து வந்ததே. செனகலில் ஓர் இளம் தாய் தன் கைக்குழந்தையை எடுத்துப் போய்விடும்படி அவரிடம் கெஞ்சினார். கால் குழந்தையை எடுத்துவரவில்லை, தாய்க்கும் பிள்ளைக்கும் உதவினார். வரிகள் பெர்ழேயுடையவை, அந்தப் பெண்ணின் முன்னால் நின்று தவித்தது கால்.

கணவர் இறந்ததும் பாட்டு நின்றது என்பதும் சரியில்லை. 1992 ஆகஸ்டில் பெர்ழே மாரடைப்பில் போனார், வயது 44. இருவரும் சேர்ந்து பாடிய தொகுப்பு அப்போதுதான் வெளிவந்திருந்தது. அடுத்த வருடம் காலுக்கு மார்பகப் புற்றுநோய். சிகிச்சை பெற்று, அதே 1993 செப்டம்பரில் பாரிஸின் பெர்சி அரங்கில் தனியாக நின்று பாடினார். 1996இல் பழைய பாடல்கள் பலவற்றைப் புதிய இசையமைப்பில் லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவுசெய்தார். நிறுத்தியது 1997 டிசம்பருக்குப் பிறகுதான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற, நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயோடு பிறந்த மகள் போலின் அந்த மாதம் 19 வயதில் இறந்துபோனாள். அதற்கு மேல் பாடாத ஒரு தாயை எந்த ஆணின் நிழலும் நிறுத்தவில்லை. 2015இல் பெர்ழேயின் பாடல்களை வைத்து ‘ரெசிஸ்த்’ என்ற இசை நாடகத்தை இசைக்கலைஞர் ப்ரக் தாவிட்டுடன் சேர்ந்து எழுதி மேடையேற்றினார். 2018 ஜனவரியில் காலமானார்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். யூரோவிஷன் பாட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 1980இல் வந்த ‘இல் ழுவே தூ பியானோ தெபூ’வைக் கேளுங்கள். நின்றுகொண்டே பியானோ வாசித்த ஒருவனைப் பற்றிய பாட்டு. உங்களுக்கு இது அற்ப விஷயமாக இருக்கலாம், எனக்கு அவன் சுதந்திரமானவன் என்று அர்த்தம், என்கிறார். அதில் குரலைக் கவனியுங்கள். குழைவதில்லை, நடுங்குவதில்லை, ஒவ்வொரு அசையையும் தாளத்தின் மேல் குத்திவைத்துக்கொண்டே போகிறது. எழுதியவர் யார் என்பது அப்போது நினைவுக்கே வராது. அடுத்து, அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்காகப் பாடிய ‘எல்லா, எல் லா’. இரண்டையும் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.