துடிப்பு நிற்கும்வரை காத்திருக்கச் சொல்கிறதா அயர்லாந்துச் சட்டம்?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். போன வருடம் நவம்பரில், 18-வது வாரத்தில் பனிக்குடம் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். குழந்தை பிழைக்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஆனால் இதயத் துடிப்பு இருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல், நடுக்கம். அன்றிரவு தானாகவே பிரசவமாகி, நான்கு நாள் ஐசியூவில் கிடந்தேன். முன்பே ஏன் எடுக்கவில்லை என்று கேட்டபோது வார்டில் ஒருவர், ‘இங்கே சட்டம் அப்படி’ என்றார். இப்போது மறுபடியும் ஒன்பது வாரம். சட்டம் இன்னும் அப்படித்தானா? அதே நிலை வந்தால் நான் கேட்டு வாங்க முடியுமா? நடந்ததற்குப் புகார் கொடுத்தால் பெர்மிட்டுக்கு ஆபத்து வருமோ என்று கணவர் பயப்படுகிறார். அம்மாவோ, ‘பேசாமல் ஊருக்கு வந்துவிடு’ என்கிறார்.

பதில்: தங்கச்சி, கணவரின் பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன், அதுதான் சுலபம். ஆஸ்பத்திரி மேல் புகார் கொடுப்பதற்கும் உங்கள் வேலை பெர்மிட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. புகார் கொடுத்தார், வழக்குப் போட்டார் என்பதற்காக யாருடைய பெர்மிட்டையும் ரத்து செய்ய இங்கே சட்டத்தில் இடமில்லை. அவரை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

‘இங்கே சட்டம் அப்படி’ என்று சொன்னாரே ஒருவர், அவர் பேசியது செத்துப்போன ஒரு சட்டத்தைப் பற்றி. அது எப்படிச் செத்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கதையில் உங்கள் கதையும் இருக்கிறது.

1983-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, அயர்லாந்து தன் அரசியல் சாசனத்தில் எட்டாவது திருத்தத்தைச் சேர்த்தது. தாயின் உயிருக்கும் கருவிலிருக்கும் உயிருக்கும் சம உரிமை என்பது அதன் சாரம். காகிதத்தில் படிக்க நியாயமாகத்தான் இருக்கும். பிரசவ வார்டில் அது என்ன ஆகும் என்றால், தாயின் உயிருக்கு ‘உண்மையான, கணிசமான ஆபத்து’ வந்தால்தான் கருவைக் கலைக்கலாம் என்று ஆகும். 1992-இல் ‘எக்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் அது. உடல்நலத்துக்கு ஆபத்து என்றால் போதாது, உயிருக்கே வர வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று ரத்தத்தில் கிருமி ஏறிய ஒருவரைக் கவனித்த எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வார். உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

2012 அக்டோபர் 21 அன்று கால்வே பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்தார் சவிதா ஹலப்பனவர். கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர், 31 வயது, 17 வாரக் கர்ப்பம். கருச்சிதைவு தவிர்க்க முடியாதது என்று சொல்லப்பட்டது. கலைத்துவிடுங்கள் என்று அவரும் கணவரும் கேட்டார்கள். கருவுக்குத் துடிப்பு இருக்கிறது என்று காரணம் சொல்லி மறுத்துவிட்டார்கள். ‘இது கத்தோலிக்க நாடு’ என்று தான் சொன்னதை ஒரு மருத்துவச்சி பின்னர் கரோனர் நடத்திய மரண விசாரணையில் ஒப்புக்கொண்டார். அக்டோபர் 28 அன்று செப்சிஸில், அதாவது கிருமித்தொற்று உடல் முழுக்க முற்றி, சவிதா இறந்தார்.

அரசின் பொதுச் சுகாதாரச் சேவை அமைப்பான ஹெச்எஸ்இ அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் சர் சபாரத்தினம் அருள்குமரன். 2013 ஜூனில் வந்த அந்த அறிக்கையைச் சட்டம் படிக்கிறவர்கள் மட்டுமல்ல, வார்டில் வேலை பார்க்கிறவர்களும் படிக்க வேண்டும். சட்டத்தின் மேல் மட்டும் பழி போட்டுவிட்டு அது நிற்கவில்லை. சேர்ந்த அன்றே எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் உயர்ந்திருந்தும் யாரும் அதைத் தொடர்ந்து கவனிக்கவில்லை. நாடித் துடிப்பும் வெப்பமும் பார்க்க வேண்டிய இடைவெளியில் பார்க்கப்படவில்லை. கருவின் துடிப்பு நிற்கும்வரை கைவைக்கக் கூடாது என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. கவனக்குறைவு, சட்ட பயம் இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன. தரக் கண்காணிப்பு அமைப்பான ஹிக்வா, நிலைமையை மாற்றியிருக்கக்கூடிய 13 வாய்ப்புகள் தவறவிடப்பட்டதாகக் கணக்கிட்டது. இதை மறந்துவிடாதீர்கள், கீழே உங்கள் வழக்கைப் பார்க்கும்போதும் இதே இழையைத்தான் பிடிக்கப்போகிறேன்.

அப்புறம் ஆறு வருட வாக்குவாதம். 2013-இல் ஓர் அரைகுறைச் சட்டம் வந்தது. தாயின் உயிருக்கு ஆபத்து என்ற பழைய கோட்டை அது தாண்டவில்லை. 2018 மே 25 பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் எட்டாவது திருத்தத்தை நீக்கச் சொன்னார்கள். டனிகால் தவிர எல்லாத் தொகுதிகளும் ஆம் என்றன. மகளுக்காக ஆம் என்று வாக்களிக்கும்படி பெலகாவியிலிருந்து சவிதாவின் அப்பா கேட்டுக்கொண்டார். டப்ளின் போர்ட்டோபெல்லோவில் சவிதாவின் முகத்தை வரைந்த சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் காகிதங்களில் மன்னிப்புக் கேட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள் ஜனங்கள். எதிர்த்து வாக்களித்தவர்களும் மூன்றில் ஒரு பங்கு இருந்தார்கள். கருவும் ஓர் உயிர்தான் என்று மனதார நம்பியவர்கள் அவர்கள். அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாசனத்தில் அந்த வரி இருந்தவரை, கட்டிலருகே நின்ற டாக்டர் நோயாளியைப் பார்த்த அதே நேரத்தில் சிறைக் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது என் கருத்து.

2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருப்பது 2018-ஆம் ஆண்டின் கர்ப்ப முடிவு ஒழுங்குமுறைச் சட்டம். 12 வாரம் வரை காரணம் சொல்லத் தேவையில்லை, ஆனால் டாக்டரின் சான்றுக்குப் பிறகு மூன்று நாள் கழிய வேண்டும். நீங்கள் கேட்கும் 18-வது வார நிலைக்கு அது பொருந்தாது. உங்களுக்கு வேண்டியவை 9, 10 ஆகிய இரண்டு பிரிவுகள்.

9-ஆம் பிரிவின்படி, தாயின் உயிருக்கு ஆபத்து, அல்லது அவருடைய உடல்நலத்துக்குக் ‘கடுமையான பாதிப்பு’ நேரும் ஆபத்து இருந்தால், கரு வெளியே வந்து பிழைக்கும் நிலையை எட்டாதிருந்தால், கர்ப்பத்தை முடிக்கலாம். இரண்டு டாக்டர்கள் பரிசோதித்து அப்படிக் கருத வேண்டும். ஒருவர் மகப்பேறு மருத்துவராக இருக்க வேண்டும். உடல்நலம் என்பதில் மனநலமும் சேர்த்தி. 10-ஆம் பிரிவு அவசரத்துக்கானது. ஆபத்து உடனடியானது என்றால் ஒரே டாக்டரின் கருத்துப் போதும். துடிப்பு நின்றிருக்க வேண்டும் என்று இரண்டில் எதுவும் சொல்லவில்லை. ஆபத்து முற்றி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. 9-க்கு ஆபத்து உடனடியானதாக இருக்க வேண்டியதில்லை. மனசாட்சி காரணமாக ஒரு டாக்டரோ நர்ஸோ விலகிக்கொள்ளலாம், ஆனால் உங்களை வேறொருவரிடம் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். 10-ஆம் பிரிவு அவசரத்தில் அந்த விலக்கும் கிடையாது.

சரி, அப்படியென்றால் ‘எனக்கு உரிமை இருக்கிறது, செய்யுங்கள்’ என்று கேட்டு வாங்கலாமா? இங்கேதான் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. 12 வாரத்துக்குப் பிறகு முடிவு டாக்டரின் கையில். ‘கடுமையான’ என்றால் எவ்வளவு என்று சட்டம் விளக்கவில்லை. சட்டத்துக்கு வெளியே செய்தால் டாக்டருக்கு 14 வருடம் வரை சிறை என்பது இன்னும் இருக்கிறது. பெண்ணுக்குத் தண்டனை இல்லை. சட்டம் வந்த முதல் வருடம், 2019-இல், பதிவான 6,666 கர்ப்ப முடிவுகளில் 9-ஆம் பிரிவில் 21, 10-ஆம் பிரிவில் 3. கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் ஒருச்சாய்த்து. இந்தத் தண்டனைப் பயம் டாக்டர்களைத் தயங்க வைக்கிறது, அதை நீக்க வேண்டும் என்று 2023-இல் வழக்கறிஞர் மேரி ஓஷே தலைமையிலான ஆய்வும் பரிந்துரைத்தது. மூன்று நாள் காத்திருப்பையும் கட்டாயமாக்கக் கூடாது என்றது. இன்றைய விவாதம் அங்கேதான் நிற்கிறது.

டாக்டர்கள் மறுத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அந்த உரிமையை அவர்களே எழுத்தில் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். குழு அமைக்க மூன்று நாள், முடிவு சொல்ல ஏழு நாள் அவகாசம். பனிக்குடம் உடைந்து காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குப் பத்து நாள் கணக்கு எதற்கு உதவும்? இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

அதனால் அதே நிலை வந்தால், உரிமை என்ற சொல்லை விட்டுவிட்டு, கேள்வியாகக் கேளுங்கள். ‘9-ஆம் பிரிவின்படி என்னைப் பரிசீலித்தீர்களா? யார், எத்தனை மணிக்கு? இரண்டாவது டாக்டர் எப்போது பார்ப்பார்? எதற்காகக் காத்திருக்கிறோம், எந்த அளவு மாறினால் முடிவு மாறும்?’ பதிலை ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். ‘பரிசீலித்தோம், இப்போதைக்கு வேண்டாம் என்று கருதினோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டி வரும்போது எந்த டாக்டரும் மறுபடி ஒருமுறை யோசிப்பார். தாய்மார்களுக்கான முன்னெச்சரிக்கை அட்டவணையில் நாடி, வெப்பம், மூச்சு எப்படி ஏறுகிறது என்று உங்களால் படிக்க முடியும். என்னிடம் வருகிற பெரும்பாலான பெண்களுக்கு இல்லாத பலம் இது.

இன்னொன்று. உங்கள் கணவர் உங்களுக்காகக் கையெழுத்துப் போடலாம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இங்கே அது செல்லாது. உங்களுக்கு நினைவு தப்பினால் உங்கள் விருப்பத்தைப் பேச அவருக்கு அதிகாரம் வேண்டுமென்றால், முன்கூட்டிய சிகிச்சை அறிவுறுத்தல் ஒன்றை எழுதி, அவரைப் பிரதிநிதியாக நியமிக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் தேவை, ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அதில் ‘இந்தச் சிகிச்சை கொடுங்கள்’ என்று கேட்டிருந்தால் டாக்டரைக் கட்டுப்படுத்தாது, ஆனால் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. இந்தியச் சட்டம் இந்த இடத்தில் தாராளமானது. 20 வாரத்துக்குள் தாயின் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ பெரும் கேடு வரும் என்றால் ஒரு டாக்டரின் கருத்துப் போதும். உயிரைக் காக்க உடனே தேவை என்றால் வார வரம்பே இல்லை. ஆனால் அதற்காக வேலையையும் மகப்பேறு விடுப்பையும் விட்டுவிட்டுக் கர்ப்பிணியாக ஊருக்குப் போக வேண்டுமா என்பது உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டு எடுக்க வேண்டிய முடிவு. ‘அவசரமென்றால் இங்கிலாந்து பக்கத்தில்தானே’ என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டும் அயர்லாந்து பெர்மிட்டும் வைத்திருப்பவருக்கு அங்கே போகத் தனி விசா வேண்டும். தன் கருவைக் கலைக்க நாடு தாண்ட முடியாமல் இங்கேயே மாட்டிக்கொண்ட அகதிப் பெண்ணின் ‘ஒய்’ வழக்கு 2014-இல் இந்த நாட்டையே உலுக்கியது.

கடைசியாக, நடந்துபோனது. முதல் வேலையாக உங்கள் முழு மருத்துவப் பதிவுகளையும் எழுத்தில் கேளுங்கள். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி இலவசமாக, சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். வந்ததும் அருள்குமரன் அறிக்கையின் கண்ணால் படியுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு எப்போது வந்தது, யார் பார்த்தார்கள், காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது, ஆண்டிபயாட்டிக் எத்தனை மணிக்கு ஏறியது, 9-ஆம் பிரிவு என்ற சொல்லாவது எங்காவது இருக்கிறதா. விளக்கமும் மன்னிப்பும் மட்டும் போதும் என்றால் ஹெச்எஸ்இ-யின் புகார் முறையில் போங்கள்; 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த படி, பொதுச் சேவைகள் மேல் வரும் புகார்களைச் சுயேச்சையாக விசாரிக்கும் ஆம்பட்ஸ்மன்.

நஷ்டஈடு என்றால் கதை வேறு. மருத்துவக் கவனக்குறைவு பற்றிய 1989 டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் கடினமானது: அதே தகுதியுள்ள, சாதாரணக் கவனத்தோடு நடக்கும் எந்த டாக்டரும் செய்திருக்க மாட்டார் என்று நிரூபிக்க வேண்டும். சுயேச்சையான நிபுணர் அறிக்கை இல்லாமல் வழக்கை நான் தொடவே மாட்டேன், வேறு நல்ல சொலிசிட்டரும், அதாவது வழக்கறிஞரும், தொட மாட்டார். ‘காத்திருந்தது’ மட்டும் தவறாகாது. சிகிச்சையில் அதுவும் ஒரு வழி. கவனிக்காமல் காத்திருந்தது தவறாகலாம். ‘சட்டம் அப்படி’ என்ற தப்பான காரணத்தால் ஒரு வழியையே உங்களிடம் சொல்லாமல் மறைத்திருந்தால், உங்கள் வழக்கின் உயிர்நாடி அதுதான். காலக்கெடு, பாதிப்பை நீங்கள் அறிந்த நாளிலிருந்து இரண்டு வருடம். நவம்பரிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், பிந்திய தேதியை நம்பி இருக்க வேண்டாம்.

பதிவு கேட்கும் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். வழக்குக்காக மட்டுமல்ல, இந்தத் தடவை உங்களைப் பார்க்கப்போகும் டாக்டருக்கும் அந்த ஃபைல் தேவை. ஒரு மாதத்தில் அது வந்துசேரும்போது உங்களுக்கு 13 வாரம் ஓடியிருக்கும். ஒரு பிரதியை அவர் மேஜையில் வைத்து, 18-வது வாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேச அப்போதும் நாள் இருக்கும்.