மத்தளத்தின் தோல் எந்த வருடம் விட்டது?

கேள்வி: எனக்கு 51 வயது, ஊர் களுவாஞ்சிகுடி. தங்கச்சியின் மகள் ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் ரெசின் கீ டேக் செய்து விற்கிறாள், அச்சில் ஊற்றினால் இறுகுகிற பிசின். பெயரின் முதல் எழுத்து, உள்ளே தங்கத்தாள், ஒரு காய்ந்த பூ. ஊரில் பத்துப் பிள்ளைகள் இதையே செய்கிறார்கள். சுவரில் எல்லாரும் கீறுவது ஒரே மண்டலா. போனைத் திறந்தால் ஒரே பாட்டுக்கு ஒரே வீடியோ. இதெல்லாம் கலையாம். அந்தக் கீ டேக்கையாவது ஒழுங்காகச் செய்கிறாளா? சிலது பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. என் அம்மான், அதாவது தாய்மாமன், கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்தவர். அவர் எனக்குத் தந்த மத்தளம், ஒரு பக்கத் தோல் விட்டபடி மண்டப மூலையில் இருக்கிறது, 14 வருடமாக. சிறுவயதில் நானும் அடித்துப் பழகியவன். போன மாதம் மருமகள் வந்து, கீ டேக்குகளை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க மத்தளத்தைக் கேட்டாள். “கொப்பி அடிக்கிறவளுக்கு மத்தளம் என்னத்துக்கு?” என்றேன். அதற்குப் பிறகு அவள் வருவதில்லை, தங்கச்சியும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் வருகிறது? நான் சொன்னதில் என்ன பிழை?

பதில்: தோல் விட்டது எந்த வருடம், ஐயா?

நீங்கள் எழுதியது மூன்று பக்கக் கடிதம், மேலே இருப்பது சுருக்கம். கீ டேக்குக்கு ஒரு பக்கம், மண்டலாவுக்கு ஒரு பக்கம், வீடியோவுக்கு முக்கால் பக்கம். மத்தளத்துக்கு ஒன்றரை வரி. 14 வருடமாக யாரும் தொடாமல் கிடந்த சாமானை ஒரு பிள்ளை வந்து கேட்டிருக்கிறாள். அதை அவளிடமிருந்து காப்பாற்றிவிட்டதாக நினைக்கிறீர்கள். பல்லியிடமிருந்தும் ஈரத்திடமிருந்தும் காப்பாற்ற உங்களுக்குத் தோன்றவில்லை.

கேட்ட கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டால் அது பிடித்துப்போகும் என்று 1968 இல் உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் எழுதினார். 1970 இல் டேனியல் பெர்லைன் அதற்கு ஒரு திருத்தம் வைத்தார்: எளிய உரு சீக்கிரம் அலுக்கும், சிக்கலான உரு பார்க்கப் பார்க்கப் பிடிக்கும். தங்கத்தாள் போட்ட கீ டேக் முதல் பார்வையிலேயே தன்னிடம் இருப்பதையெல்லாம் காட்டிவிடுகிறது. பத்தாவது கீ டேக்குக்குக் காட்ட ஒன்றும் மிச்சமில்லை. கூத்தைப் பாருங்கள். கர்ணன் சாவான் என்று தெரியாத ஆள் ஆடுகளரியைச் சுற்றி ஒருவரும் இல்லை, ஆனாலும் விடிய விடிய இருக்கிறார்கள். இந்தத் தாளக்கட்டுக்கு இவன் கால் எப்படி விழுகிறது, போன வருடம் ஆடினவனுக்கு எப்படி விழுந்தது என்பதைப் பார்க்கத்தான் அந்தக் கூட்டம். ஆகவே உங்கள் எரிச்சலில் பாதி நியாயம்.

வீடியோத் தொல்லைக்கு மருந்து சுலபம். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாலும், கடைசிவரை பார்த்தால் போனுக்கு அது விருப்பம்தான், இன்னும் பத்தைக் கொண்டுவந்து தரும். வீடியோவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ‘விருப்பமில்லை’ என்று ஒன்று வரும், அதைத் தட்டுங்கள். நாலைந்து நாளில் குறையும்.

மற்றப் பாதிக்கு வருவோம். ‘கொப்பி’ என்ற சொல்லை அண்ணாவியாரின் மருமகன் வாயால் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை. சட்டம் கொடுத்த பிறகு, அதாவது ஆளாளுக்கு ஆட வேண்டிய பாத்திரத்தைப் பிரித்துக் கொடுத்த பிறகு, உங்கள் அம்மான் என்ன செய்தார்? ஒரே பாட்டு, ஒரே தாளக்கட்டு, ஒரே அடி, மாதக்கணக்கில். “நான் என்ட பாட்டுக்கு ஆடுறன்” என்று ஒருவனும் சொல்லியிருக்கமாட்டான். கால் பிழைத்தால் மத்தளம் நிற்கும், மறுபடி முதலிலிருந்து. பழகி முடித்துக் காலில் சதங்கை அணியும் நாள்வரைக்கும் கொப்பிதான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாலை நேரத்துக்குள் அடக்கி மேடையேற்றினார். 1962 இல் ‘கர்ணன் போர்’, 1964 இல் ‘இராவணேசன்’. அந்தப் புதுமைக்கும் மட்டக்களப்பு ஆட்டமுறையை மாணவர்கள் முதலில் அடி பிசகாமல் பழகத்தான் வேண்டியிருந்தது.

உங்கள் மருமகளும் மற்றப் பிள்ளைகளும் பார்த்துச் செய்வது தவறில்லை. கால் பிழைக்கும்போது மத்தளத்தை நிறுத்த அவர்களுக்கு ஆள் இல்லை, அதுதான் குறை. வீடியோ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, அது முடிகிற இடத்திலேயே பத்துப் பேரும் நின்றுவிடுகிறார்கள். அதற்கு மேல் கூட்டிக்கொண்டு போக வேண்டிய மனிதர் கதிரையில் சாய்ந்துகொண்டு நக்கல் அடிக்கிறார்.

நீங்கள் மட்டக்களப்பில் பிறந்தவர். அங்கே குடி, அதாவது வம்சம், தாய்வழி. உங்கள் பிள்ளைகள் உங்கள் மனைவியின் குடி, தங்கச்சியின் மகள்தான் உங்கள் குடி. அம்மானிடமிருந்து மருமகனுக்கு வந்த மத்தளம் அடுத்து யாரிடம் போக வேண்டும்? அது மருமகளிடம் போகவேண்டியது என்பதுதான் என் எண்ணம். அவள் சாமத்தியப்பட்ட அன்று முறைக்கு முன்னால் நின்றிருப்பீர்கள். தாய்மாமன் கடமை தட்டத்தோடும் சாறியோடும் முடிகிற கடமை இல்லை.

இனி அந்தப் பிசுபிசுப்பு. அதை இளக்காரமாக எழுதினீர்களே, ஏன் ஒட்டுகிறது என்று ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்தீர்களா? ரெசின் இரண்டு போத்தலாக வரும்: ஒன்று ரெசின், மற்றது ஹார்ட்னர். சில வகைக்கு நிறையில் மூன்றுக்கு ஒன்று, சிலதற்கு இரண்டுக்கு ஒன்று, சிலது கன அளவில் சமபங்கு. நிறை என்று போட்டிருப்பதைக் கப்பால் அளந்தால் பிழைக்கும். மூன்றுக்கு ஒன்று என்றால், 12 கிராம் கலக்க ரெசின் 9, ஹார்ட்னர் 3. வீட்டுத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. 3 கிராமில் ஒரு கிராம் தவறினால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பிறகு எப்படி இறுகும்? ஒட்டுகிறது என்று ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றுவார்கள். கூடினாலும் இறுகாது.

கலக்குவது மூன்று நான்கு நிமிடம், மெதுவாக, கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து. வேகமாக அடித்தால் குமிழி. ஊற்றும்போது கப்பைச் சுரண்டக் கூடாது, ஓரத்தில் கலவாமல் நின்றது அச்சுக்குள் விழுந்தால் அந்த இடம் மட்டும் ஒட்டும். பூ ஒரு வாரமாவது காயவேண்டும், ஈரம் இருந்தால் உள்ளுக்குள்ளேயே பழுப்பாகிவிடும். மாரி மழையில் காற்றின் ஈரத்துக்கு மேற்பரப்பு மங்கும், அந்த நாட்களில் ஊற்றாமல் விடுவது நல்லது. கையுறை போட்டு, யன்னலைத் திறந்து வைத்துச் செய்யச் சொல்லுங்கள், தோலில் படப்பட ஒவ்வாமை வரும். இவ்வளவும் பழகவேண்டிய வேலை, ஐயா.

மத்தளத்துக்கும் சொல்கிறேன். விட்ட தோலைப் பசை பூசி ஒட்டப் பார்க்காதீர்கள். பூஞ்சணம் இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், ஈரத்துணி வேண்டாம். காய வைக்கிறேன் என்று வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். தோல் போடத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். வார் ஒரு தலையிலிருந்து மற்றத் தலைக்கு ஓடுவதால், புதுத்தோலை இழுத்துக் கட்டும்போது பழைய பக்கமும் அதே இழுவையைத் தாங்கவேண்டும். 14 வருடத் தோல் தாங்காது என்று அவர் சொன்னால் இரண்டையும் மாற்றுங்கள். காசைப் பார்க்காதீர்கள்.

வருகிற ஞாயிறு பின்னேரம் தங்கச்சி வீட்டுக்குப் போங்கள். மனைவியைத் தூது அனுப்புகிற வேலை வேண்டாம். “அண்டைக்கு நான் கதைச்சது பிழை, புள்ள” என்றால் போதும். அதற்குமேல் விளக்கம் சொல்லத் தொடங்கினால் மறுபடி மண்டலாவில் போய் நிற்பீர்கள். கையில் 0.1 கிராம் காட்டுகிற ஒரு சின்னத் தராசு இருக்கட்டும். மத்தளப் படம் போட்டுக் கீ டேக் செய் என்று மட்டும் யோசனை சொல்லிவிடாதீர்கள். அடுத்த மாதம் பத்துப் பிள்ளைகளும் அதைச் செய்வார்கள், எனக்கு இன்னொரு கடிதம் வரும்.

தோல் போட்டு முடிந்ததும் எடுத்துவர அவளையும் கூட்டிப் போங்கள். அவளுக்குப் படம், உங்களுக்குத் தாளம். கை பழக்கம் விட்டுப்போயிருக்கும், முதல் தாளக்கட்டே பிழைக்கும். மறுபடி முதலிலிருந்து அடியுங்கள்.