படம் காட்டி உணவுப் பாடம் எடுப்பவர்களின் கேள்விகளுக்கு என் பதில்கள்

கேள்வி: உணவு பிரமிடு சார்ட்டை (எதை அதிகம், எதைக் குறைவாகச் சாப்பிடுவது என்று அடுக்கடுக்காகக் காட்டும் முக்கோணப் படம்) வைத்தே வகுப்பு எடுக்கிறேன், போதுமா?

பதில்: கழற்றி வையுங்கள். அமெரிக்க வேளாண் துறை 1992-இல் வெளியிட்ட அந்தப் பிரமிடில் தானியம் ஒரு நாளைக்கு 6 முதல் 11 பங்கு என்று இருந்தது. ஒரு பங்கு என்றால் எவ்வளவு என்று புரியவைக்க இன்னொரு அட்டவணை தேவைப்பட்டது. 2005-இல் வண்ணப் பட்டைகளைச் செங்குத்தாகத் திருப்பினார்கள், எந்தப் பட்டை எந்த உணவு என்பதே பார்த்தவுடன் தெரியவில்லை. 2011-இல்தான் தட்டுக்கு வந்தார்கள்: பாதித் தட்டு காய்கறியும் பழமும், மறுபாதியில் தானியமும் புரதமும். இதில் எண்ண ஒன்றுமில்லை, பரிமாறும்போதே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தட்டுப் படத்தை மாட்டிவிட்டுப் போய்விடாதீர்கள், காலித் தட்டைக் கையில் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சார்ட் பிடிஎஃப் கிடைக்குமா?

பதில்: கிடையாது. வட்டம் வரைந்து கோடு போடத் தெரிந்தால் போதும்.

கேள்வி: சர்க்கரையை எப்படிக் காட்டுவது?

பதில்: குளிர்பான பாட்டில், தேக்கரண்டி, சர்க்கரை டப்பா. லேபிளை அவர்களே படிக்கட்டும்; 100 மில்லிக்கா, முழு பாட்டிலுக்கா என்று பார்க்கச் சொல்லுங்கள், முக்கால்வாசிப் பேர் ஏமாறுவது அங்கேதான். கிராமை 4-ஆல் வகுத்தால் கரண்டிக் கணக்கு வந்துவிடும், 35 கிராம் என்றால் கிட்டத்தட்ட 9. முன்கூட்டியே அள்ளி வைக்காமல் கூட்டத்தில் ஒருவரை அழைத்து அள்ளச் சொல்லுங்கள், ஆறாவது கரண்டியில் சிரிப்பு அடங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள். 2000 கலோரிக்கு 50 கிராம், தேனும் பழச்சாறும் அந்தக் கணக்கில்தான்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய், எவ்வளவு சாப்பிடலாம்?

பதில்: அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: அழுகிய கால், அடைத்த ரத்தக்குழாய் படம் காட்டினால் பயந்து திருந்துவார்களே?

பதில்: முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அடுத்த வகுப்புக்கு வரமாட்டார்கள்.

கேள்வி: சிகரெட் பெட்டியில் போடுகிறார்களே, அது மட்டும் சரியா?

பதில்: சிகரெட்டை அடியோடு விடலாம், சாப்பாட்டை விட முடியுமா? பயமுறுத்தினால், அப்புறம் எதைச் சாப்பிடுவது என்று சொல்லியாக வேண்டும், அதை அந்தப் படம் சொல்வதில்லை.

கேள்வி: சிலி நாட்டில் 2016 முதல் பொட்டலங்களில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை இருக்கிறதே, அதுவும் பயம்தானே?

பதில்: நல்ல கேள்வி, ஆனால் ஒப்பிடுவது தவறு. "சர்க்கரை அதிகம்" என்று அது தகவல்தான் சொல்கிறது, அதுவும் இரண்டு பொட்டலங்களில் எதை எடுப்பது என்று கை தயங்கும் நேரத்தில். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் கையில் பொட்டலம் இல்லை. ஏற்கெனவே குற்ற உணர்வோடு வந்திருப்பவரிடம் அழுகிய காலைக் காட்டி என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

கேள்வி: பிடிஎஃப் அனுப்ப முடியுமா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: உணவுகளைச் சிவப்பு, பச்சை என்று பிரித்துக் காட்டலாமா?

பதில்: காட்டலாம், பக்கத்தில் ஒரு குறியும் போடுங்கள். அந்த இரண்டு நிறமும் பிரித்துத் தெரியாதவர்கள், குறிப்பாக ஆண்கள், நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

கேள்வி: படிக்கத் தெரியாதவர்களுக்கு?

பதில்: அவரவர் கைதான் அளவு. மூடிய கை தானியத்துக்கு, உள்ளங்கை மீனுக்கும் இறைச்சிக்கும், கட்டைவிரல் நுனி எண்ணெய்க்கு. குழந்தையின் கை சின்னது, அளவும் தானாகக் குறையும். முடிந்ததும் "புரிந்ததா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். மறுபடியும் காலித் தட்டுதான்.